துண்டுகள் ஒன்றாகும் விதம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

கைப்பேசி வந்தபின் காட்சிகளைப் பதிவு செய்வது எளிதாகிவிட்டது. ஆனால், பதிந்தவை எல்லாம் சிறு சிறு துண்டுகளாகப் பல கருவிகளில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒன்றாக இணைத்தால்தான் அவை பொருள் தரும். காலத்தை வென்று நிற்கும். காணொலித் துண்டுகளை இணைப்பது, பழத்தைக் கூடையில் குவிப்பது போன்றதன்று. பூவைச் சரமாகத் தொடுப்பது போன்றது. அத்தொடுப்பின் அறிவியலையும் அதன் பின்னுள்ள பொறுப்பையும் இப்பாடம் விளக்குகிறது.

ஒரு வயலின் கதை

தேனி மாவட்டம் பெரியகுளம் வட்டத்தில் உள்ள ஊர் ஜெயமங்கலம். வராக நதியின் நீரால் நெல் விளையும் ஊர். அவ்வூரில் பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருவரை நாம் எண்ணிக்கொள்வோம். தம் குடும்பத்து வயலில் ஒரு போகம் நெல் விளைந்து வீடு சேரும் வரை நிகழ்வனவற்றை அவர் காணொலியாகப் பதிய விரும்புகிறார்.

நாற்றங்கால் பாவியதை அவர் தம் கைப்பேசியில் எடுத்தார். பள்ளிக்குச் சென்றிருந்த நாளில் நடந்த நாற்றுப் பறிப்பைச் சித்தப்பா தம் கைப்பேசியில் எடுத்து வைத்தார். களையெடுப்பு, நீர் பாய்ச்சுதல், கதிர் முற்றுதல், அறுவடை என ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளில் பதிவாயின. எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மாவின் பழைய கைப்பேசியில் மூன்று நிமிடக் காட்சி ஒன்று இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நடவு வயலில் நின்று அப்பத்தா பாடிய நடவுப்பாட்டு அது. முழங்கால் வலியால் அப்பத்தா இப்போது வயலில் இறங்குவதில்லை. அந்தப் பாட்டுக்கு வேறு பதிவு இல்லை.

இவ்வாறு சேர்ந்தவை 23 துண்டுகள். ஒரு கைப்பேசி பழுதானால் போதும்; அவற்றுள் சில மறைந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இணைத்து, ஊரார் முன் ஒருமுறை திரையிட வேண்டும் என்பது மாணவியின் விருப்பம். அவ்விருப்பம் நிறைவேற அவர் அறிந்துகொள்ள வேண்டியவை எவை?

கத்தரியும் பசையும்

திரைப்படம் தோன்றிய காலத்திலேயே துண்டுகளை இணைக்கும் தேவையும் தோன்றிவிட்டது. 1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பாரிசு நகரில் லூமியர் உடன்பிறந்தார் கட்டணம் பெற்றுத் திரையிட்ட படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்திற்கும் குறைவாகவே ஓடின. ஒரு படம் என்பது ஒரே துண்டுதான். ஒரு கதையைச் சொல்ல ஒரு துண்டு போதாது என்பதை உணர்ந்தபோதுதான் ‘தொகுப்பு’ என்னும் கலை பிறந்தது. அமெரிக்கரான எட்வின் போர்ட்டர் 1903இல் எடுத்த ‘தி கிரேட் டிரெயின் ராபரி’ என்னும் படம், வெவ்வேறு இடங்களில் எடுத்த காட்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக் கதை சொன்ன தொடக்ககாலப் படங்களுள் ஒன்று.

அக்காலத் தொகுப்பாளரின் கருவிகள் கத்தரியும் பசையுமே. படச்சுருளை இரு சட்டகங்களுக்கு இடைப்பட்ட கோட்டில் வெட்டுவர். ஒரு முனையின் மேற்பூச்சைச் சுரண்டி, பசை தடவி, மறுமுனையை அதன்மேல் வைத்து அழுத்துவர். கோடு சிறிது பிசகினாலும் திரையில் படம் குதிக்கும். 1924இல் இவான் செரூரியர் உருவாக்கிய ‘மூவியோலா’ என்னும் கருவி, படச்சுருளை ஓட்டிப் பார்த்தபடியே வெட்ட வேண்டிய இடத்தைக் குறிக்க உதவியது. நம் நாட்டுப் படத்தொகுப்பு அறைகளிலும் பல்லாண்டுக் காலம் அதன் சத்தம் கேட்டது. தமிழ்த் திரையுலகில் இயக்குநராகப் புகழ்பெற்ற ஏ. பீம்சிங், படத்தொகுப்புத் துறையிலேயே தம் திரைவாழ்வைத் தொடங்கியவர். அவருடைய மகன் பி. லெனின் படத்தொகுப்புக்காகத் தேசிய விருது பெற்றவர்.

35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள் அமையும். பேசும்படம் நொடிக்கு 24 சட்டகங்கள் என ஓடும். எனவே, ஒரு நிமிடத்திற்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படத்திற்கு 13,500 அடி. அவ்வளவு நீளமும் நூற்றுக்கணக்கான துண்டுகளாகக் கையால் வெட்டி ஒட்டப்பட்டவை என்பதை எண்ணினால் அவ்வுழைப்பின் அருமை விளங்கும்.

அக்கால ஒட்டுதலில் ஓர் அடிப்படை விதி இருந்தது. ஒட்டப்படும் சுருள்கள் ஒரே அகலம் உடையனவாக இருத்தல் வேண்டும். ஓரத் துளைகள் ஒரே இடைவெளியில் அமைதல் வேண்டும். ஒரே வேகத்தில் எடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். பேசாப்படக் காலத்தில் நொடிக்கு ஏறத்தாழ 16 முதல் 20 சட்டகங்கள் என்னும் வேகத்தில் எடுத்த காட்சிகளைப் பின்னாளில் 24 சட்டக வேகத்தில் ஓட்டியபோது, மாந்தர்கள் குடுகுடுவென ஓடுவதுபோல் தோன்றியது அதனால்தான். படச்சுருள் மறைந்து கணினி வந்துவிட்டது. ஆனால், ‘ஒத்தவையே ஒன்றோடொன்று ஒட்டும்’ என்னும் அவ்விதி மட்டும் மறையவில்லை.

தெரியுமா?

முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மலையைக் குடைந்த வழியே நீர் கம்பம் பள்ளத்தாக்கை நோக்கித் திருப்பிவிடப்பட்டது 1895 அக்டோபரில். லூமியர் உடன்பிறந்தாரின் திரையிடல் நிகழ்ந்தது அதே ஆண்டு டிசம்பரில். தேனி மண்ணுக்குப் பெரியாற்று நீரும் உலகுக்குத் திரைப்படமும் ஒரே ஆண்டில் வந்தன.

கோப்புக்குள் இருப்பது என்ன?

கணினியில் இரண்டு உரைக் கோப்புகளை இணைப்பது எளிது. முதற்கோப்பின் முடிவில் இரண்டாம் கோப்பை ஒட்டினால் போதும். காணொலிக் கோப்புகளை அவ்வாறு முனையோடு முனை ஒட்டினால், பெரும்பாலும் முதல் துண்டு மட்டுமே ஓடும். ஏன்?

நாம் பெரிதும் பயன்படுத்தும் எம்பி4 போன்ற கோப்பு, ஒரு கொள்கலன். அதற்குள் படத்திற்கென ஓர் ஓடையும் ஒலிக்கென ஓர் ஓடையும் இருக்கும். அவற்றோடு, நூலுக்குப் பொருளடக்கம் போல ஓர் அட்டவணையும் இருக்கும். எந்தச் சட்டகம் கோப்பின் எவ்விடத்தில் உள்ளது, அது எத்தனையாவது நொடியில் தோன்ற வேண்டும் என்பவற்றை அந்த அட்டவணையே சொல்லும். இரண்டு நூல்களை ஒன்றாகத் தைத்துவிட்டு, முதல் நூலின் பொருளடக்கத்தை மட்டும் பார்த்தால் இரண்டாம் நூல் இருப்பதே தெரியாது அல்லவா? அதுபோலத்தான் இதுவும். எனவே, இணைப்பு என்பது இரண்டு ஓடைகளையும் தொடர்ந்து வைத்து, அவற்றுக்குப் புதிய அட்டவணை ஒன்றை எழுதுவதாகும்.

பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே மின்கலம் தீர்ந்து கைப்பேசி அணைந்துவிட்டால், அந்தக் காட்சி சில நேரங்களில் திறக்காமலே போவதுண்டு. படம் பதிவாகியிருக்கும், ஆனால், பதிவின் இறுதியில் எழுதப்பட வேண்டிய அட்டவணை எழுதப்பட்டிருக்காது. அட்டவணையின் இன்றியமையாமைக்கு இதுவே சான்று.

கொள்கலன் வேறு, அதற்குள் படம் சுருக்கி வைக்கப்பட்டுள்ள முறை வேறு. 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்ட ஒரு சட்டகத்தைச் சுருக்காமல் வைத்தால் அதற்கு 60 இலட்சம் பைட்டுகளுக்கு மேல் தேவை. நொடிக்கு 25 சட்டகங்கள் எனக் கணக்கிட்டால் ஒரு நிமிடக் காட்சி ஏறத்தாழ 9 ஜிகாபைட் ஆகும். ஆனால், நம் கைப்பேசி அதே ஒரு நிமிடத்தை நூறு, நூற்றைம்பது மெகாபைட்டுக்குள் அடக்கிவிடுகிறது. இவ்வாறு சுருக்கி எழுதுவதைக் குறியாக்கம் என்பர். 2003இல் வெளிவந்த எச்.264, 2013இல் வெளிவந்த எச்.265 ஆகியவை இன்று பரவலாக வழங்கும் குறியாக்க முறைகள்.

அசையாத மலையும் அசையும் கொக்கும்

சுருக்கம் எவ்வாறு நிகழ்கிறது? வயலில் கொக்கு ஒன்று நடக்கிறது. தொலைவில் மலை நிற்கிறது. இக்காட்சியின் முதல் சட்டகத்திற்கும் இரண்டாம் சட்டகத்திற்கும் இடையே மலை மாறவில்லை, வரப்பு மாறவில்லை, கொக்கின் கால் மட்டுமே நகர்ந்துள்ளது. மாறாதவற்றை மீண்டும் எழுதாமல் மாறியதை மட்டும் எழுதினால் இடம் மிச்சமாகும். எனவே, குறியாக்கி முதல் சட்டகத்தை முழுமையாக எழுதுகிறது. அடுத்துவரும் பல சட்டகங்களுக்கு மாற்றங்களை மட்டும் குறித்துக்கொள்கிறது. சிறிது இடைவெளிக்குப் பின் மீண்டும் ஒரு முழுச் சட்டகத்தை எழுதுகிறது. இம்முழுச் சட்டகத்தைத் திறவுச் சட்டகம் என்பர்.

இணைப்பவர் இதனை அறிந்திருத்தல் வேண்டும். ஒரு துண்டைத் திறவுச் சட்டகத்தில் தொடங்குமாறு வெட்டினால் இடர் இல்லை. இரு திறவுச் சட்டகங்களுக்கு நடுவே வெட்டி, மீண்டும் குறியாக்காமல் ஒட்டினால், ‘எதிலிருந்து மாறியது’ என்பதை அறியும் வழியின்றிப் படம் கலங்கும். சாம்பல் நிறத் திட்டுகள் தோன்றும். வெட்டாமல் எடுத்தபடியே வைத்துள்ள துண்டுகள் பொதுவாகத் திறவுச் சட்டகத்திலேயே தொடங்குவதால் அவற்றை முழுமையாக இணைக்கும்போது இச்சிக்கல் எழுவதில்லை.

இரண்டு வழிகள்

துண்டுகளை இணைக்க இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது நேரடி இணைப்பு. இதில் படமும் ஒலியும் உள்ளபடியே எடுத்து வைக்கப்படுகின்றன. அட்டவணை மட்டும் புதிதாக எழுதப்படுகிறது. ஒரு கோப்பைப் படியெடுக்க ஆகும் நேரமே இதற்கும் ஆகும். தரம் சிறிதும் குறையாது. ஆனால், எல்லாத் துண்டுகளும் ஒரே குறியாக்கமும் ஒரே பிரிதிறனும் ஒரே ஒலி அளவும் கொண்டவையாக இருத்தல் வேண்டும். ஒரே கைப்பேசியில் ஒரே அமைப்பில் எடுத்த துண்டுகளுக்கு இவ்வழி மிகப் பொருத்தம்.

இரண்டாவது மீள்குறியாக்கம். இதில் ஒவ்வொரு துண்டும் விரிக்கப்பட்டு, பொதுவான ஓர் அளவுக்குக் கொணரப்பட்டு, மீண்டும் சுருக்கப்படுகிறது. வெவ்வேறு கருவிகளில் எடுத்த துண்டுகளுக்கு இதுவே வழி. கணினிக்கு வேலை மிகுதி, நேரமும் மிகுதி. மேலும், ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் நுண்விவரம் சிறிது இழக்கப்படும். நகலை நகலெடுத்து, அதனை மீண்டும் நகலெடுத்தால் எழுத்து மங்குவது போன்றது இது. எனவே, மீள்குறியாக்கத்தை ஒரே ஒருமுறை, மூலத்துண்டுகளிலிருந்தே செய்தல் நன்று. ஐந்து துண்டுகளை முதலில் இணைத்து, அதனோடு ஆறாவதை இணைத்து, பின் ஏழாவதை இணைப்பது தவறான முறை. 23 துண்டுகளையும் ஒருசேர வரிசையில் அமைத்து ஒரே தடவையில் இணைத்தல் வேண்டும்.

இப்பணிக்குக் கட்டணமில்லாக் கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. ஷாட்கட், ஓப்பன்ஷாட் போன்றவற்றில் துண்டுகளைக் காலக்கோட்டின்மேல் வரிசையாக வைத்து இணைக்கலாம். 2000ஆம் ஆண்டில் பிரெஞ்சு நிரலாளர் ஃபாப்ரிஸ் பெல்லார் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்னும் மென்பொருளில், துண்டுகளின் பெயர்களை ஓர் உரைக் கோப்பில் வரிசையாக எழுதிக் கொடுத்து நேரடி இணைப்பைச் செய்யலாம். பெயரிடும்போது ‘1, 2, 3’ என எழுதாமல் ‘01, 02, 03’ என எழுதுவது நல்ல பழக்கம். இல்லையெனில், சில மென்பொருள்கள் 1க்குப் பின் 10ஐ வைத்துவிடும். நடவுக்கு முன்பே அறுவடை வந்துவிடும்!

எங்கே பிசகும்?

மாணவி தம் 23 துண்டுகளையும் கணினியில் அடுக்குகிறார். சிக்கல்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன.

முதலாவது, திசை. சித்தப்பா கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்துள்ளார். மாணவி கிடையாகப் பிடித்து எடுத்துள்ளார். நிமிர்ந்த படத்தைக் கிடைத்திரையில் வைத்தால் இருபுறமும் வெற்றிடம் வரும். அதனை நிரப்புவதற்காகப் படத்தை இழுத்து அகலப்படுத்தினால் மெலிந்தவரும் பருத்தவராவார். வெற்றிடத்தைக் கருமையாக விடுவதே நேர்மையான வழி. இன்னொன்றும் உண்டு. நிமிர்த்திப் பிடித்தபோது கைப்பேசி பெரும்பாலும் படத்தைத் திருப்புவதில்லை. ‘திருப்பிக் காட்டுக’ என்று ஒரு குறிப்பை மட்டும் எழுதி வைக்கிறது. நேரடி இணைப்பில் முதல் துண்டின் குறிப்பே எல்லாவற்றுக்கும் பொருந்திவிட்டால், அடுத்த துண்டில் நாற்றுப் பறிப்போர் பக்கவாட்டில் படுத்தபடி தோன்றுவர்.

இரண்டாவது, சட்டக வேகம். ஒரு கருவி நொடிக்கு 30 சட்டகங்களும் மற்றொன்று 25 சட்டகங்களும் பதிகின்றன. 25ஐ 30 ஆக்க, ஒவ்வொரு நொடியிலும் 5 சட்டகங்களை இருமுறை காட்ட நேரும். அதனால் அசைவில் மெல்லிய திணறல் தோன்றும். சில கைப்பேசிகள் மாலை மங்கலில் சட்டக எண்ணிக்கையைத் தாமே குறைத்துக்கொள்வதும் உண்டு.

மூன்றாவது, ஒலி. இதுவே பெரிதும் கவனிக்கத்தக்கது. ஒலி, நொடிக்கு 48,000 அல்லது 44,100 மாதிரிகளாகப் பதிவாகிறது. 48,000 எனப் பதிந்த ஒலியை 44,100 எனப் பிழையாக வாசித்தால், 60 நொடிப் பாட்டு 65 நொடிக்கு நீளும், குரலும் தடிக்கும். அப்பத்தாவின் பாட்டு அப்பத்தாவின் குரலாகவே இராது. மேலும், ஒரு துண்டில் படத்தின் நீளமும் ஒலியின் நீளமும் நொடியின் மிகச்சிறு பகுதி அளவில் வேறுபடக்கூடும். ஒரு துண்டுக்கு 0.02 நொடி என்பது கண்ணுக்கும் காதுக்கும் தெரியாத வேறுபாடு. ஆனால், சரிசெய்யாமல் 50 துண்டுகளை இணைத்தால் அது ஒரு முழு நொடியாகத் திரண்டுவிடும். உதடு முதலில் அசையும். சொல் பின்னர் வரும்.

நான்காவது, வந்த வழி. வாட்ஸ்அப் போன்ற செயலிகளின் வழியே காணொலியாக அனுப்பும்போது, விரைந்து செல்வதற்காகக் காட்சி மேலும் சுருக்கப்படுகிறது. அவ்வாறு வந்த துண்டு மங்கலாக இருப்பதைக் கண்டு, படமெடுத்தவரைக் குறை கூறுதல் கூடாது. மூலக்கோப்பைக் கம்பிவடம் வழியாகவோ, ஆவணமாக அனுப்பச் செய்தோ பெறுதல் வேண்டும். அம்மாவின் பழைய கைப்பேசியில் உள்ள காட்சியை மாணவி முதலில் இவ்வாறே கணினிக்குப் படியெடுத்தார். அதன் பின்னரே மற்ற வேலைகளைத் தொடங்கினார் எனக் கொள்வோம். அதுவே அறிவுடைய செயல்.

தெரிந்து தெளிவோம்

இணைக்கும் முன் ஒவ்வொரு துண்டிலும் காண வேண்டியவை:
கொள்கலனின் வகை
படக் குறியாக்க முறை
பிரிதிறனும் திசையும்
நொடிக்கான சட்டகங்கள்
ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை
பதிவு செய்த நாளும் இடமும்
இவற்றுள் முதல் ஐந்தும் எல்லாத் துண்டுகளிலும் ஒத்திருந்தால் நேரடி இணைப்பு. ஒன்றேனும் வேறுபட்டால் மீள்குறியாக்கம்.

வரிசையும் வாய்மையும்

கருவி சொல்லித் தராத பாடம் ஒன்று உண்டு. துண்டுகளை எந்த வரிசையில் வைக்கிறோமோ அதற்கேற்பப் பொருள் மாறும். உருசிய நாட்டு இயக்குநர் லெவ் குலெசோவ் ஏறத்தாழ நூறாண்டுக்கு முன் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சி எதனையும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை, ஒரு தட்டு உணவு, ஒரு சவப்பெட்டி, ஒரு பெண் ஆகிய காட்சிகளோடு மாறி மாறி இணைத்தார். பார்த்தவர்கள் அம்முகத்தில் முறையே பசியையும் துயரையும் விருப்பத்தையும் கண்டனர். முகமோ ஒன்றுதான். பொருள், முகத்தில் இல்லை. இரு துண்டுகளுக்கு இடைப்பட்ட ஒட்டில் இருந்தது.

இவ்வுண்மை கலைக்கு வலிமை. கவனமின்றிக் கையாண்டால் தீங்கு. மழையில் சாய்ந்த கதிர்களைக் காட்டி, அடுத்து ஒருவர் வேறொரு நாளில் சிரித்த காட்சியை ஒட்டினால், அயலார் இழப்பைக் கண்டு அவர் மகிழ்ந்தார் என்றாகிவிடும். இரண்டு துண்டுகளும் உண்மை. இணைந்த பின் கிடைத்தது பொய். ஓர் உரையின் நடுவே உள்ள சொற்களை நீக்கி முன்னும் பின்னும் ஒட்டிப் பரப்பப்படும் காணொலிகள் இவ்வகையின. எனவே, ஆவணமாக இணைப்பவர், நிகழ்ந்த வரிசையை மாற்றுவாரானால் அதனைப் பார்ப்போர் அறியச் செய்தல் வேண்டும். அப்பத்தாவின் பாட்டு இவ்வாண்டு நடவில் பாடப்பட்டதன்று. அக்காட்சி தொடங்கும்போது, பதிவான ஆண்டை ஒரு வரியில் எழுதிக் காட்டினால் போதும், பாட்டின் இனிமை குறையாது, உண்மையும் குறையாது.

சிதறியதைச் சேர்த்தவர்

துண்டுகளை இணைப்பது ஒரு நாட்டின் நினைவையே மீட்கக்கூடும் என்பதற்குச் சான்றானவர் பி. கே. நாயர். 1964இல் புனேயில் நிறுவப்பட்ட இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை வளர்த்தெடுத்தவர் அவர். இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப் போற்றப்படும் தாதாசாகேப் பால்கே 1919இல் எடுத்த ‘காளிய மர்தன்’ என்னும் படம் சிதைந்து துண்டுகளாகக் கிடந்தது. பால்கேயின் குடும்பத்தாரிடமிருந்து அத்துண்டுகளைப் பெற்ற நாயர், பால்கேயின் குறிப்புகளைத் துணையாகக் கொண்டு அவற்றை வரிசைப்படுத்தி இணைத்தார். அப்படத்தில் கண்ணனாக நடித்த பால்கேயின் மகள் மந்தாகினியை இன்று நாம் காண முடிவது அந்த இணைப்பினால்தான்.

எல்லாப் படங்களுக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. நடராஜ முதலியார் சென்னையில் உருவாக்கிய, தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான ‘கீசக வதம்’ இன்று இல்லை. தமிழ் ஒலித்த முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று காணக் கிடைக்கவில்லை. தெற்கே எடுக்கப்பட்ட பேசாப்படங்களுள் அரிதாக எஞ்சியவற்றுள் ஒன்று ‘மார்த்தாண்ட வர்மா’ (1933). அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும், ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், நாளடைவில் தூளாகும். இவற்றைவிடப் பெருங்காரணம், ‘இது பின்னாளில் தேவைப்படும்’ என அன்று பலர் எண்ணாததே.

1990களில் படத்தொகுப்பு கணினிக்கு இடம்பெயரத் தொடங்கியது. 1994இல் வெளிவந்த ‘மகாநதி’, நம் நாட்டில் கணினிவழித் தொகுப்பை முன்னோடியாகக் கையாண்ட படங்களுள் ஒன்று. கத்தரியும் பசையும் ஓய்ந்தன. ஒருமுறை வெட்டினால் மூலச்சுருள் குறையும் என்னும் அச்சமும் அகன்றது. கணினியில் எத்தனை முறை வெட்டினாலும் மூலம் முழுமையாகவே இருக்கும். ஆனால், அந்த மூலத்தை நாமே அழித்துவிடும் எளிமையும் உடன் வந்துவிட்டது. ஒரு விரல் தொடுதலில் நூறு காட்சிகள் மறையும்.

மூலம் காத்தல்

இணைத்த கோப்பு கிடைத்தவுடன் துண்டுகளை நீக்கி இடத்தைச் சேமிக்க மனம் விழையும். அவ்வாறு செய்தல் ஆகாது. இணைந்த கோப்பு, நாம் இன்று அறிந்த முறையில் இன்று தேர்ந்த வரிசையில் அமைந்தது. நாளை இதைவிடச் சிறந்த கருவி வரலாம். நாம் நீக்கிய பகுதியே வேறொருவருக்குத் தேவைப்படலாம். நடவுப்பாட்டை ஆராயும் ஒருவருக்கு, பாட்டு முடிந்தபின் அப்பத்தா பேசிய இரண்டு சொற்கள் அரிய செய்தியாகலாம்.

ஆதலால், மூலத்துண்டுகளையும் இணைந்த கோப்பையும் ஒருசேரக் காத்தல் வேண்டும். மூன்று படிகள், இரண்டு வகைச் சேமிப்பகங்கள், அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில் என்பது கணினித் துறையினர் கூறும் எளிய நெறி. கணினியில் ஒன்று, தனியே உள்ள வன்வட்டில் ஒன்று, உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பகத்திலோ ஒன்று. துண்டுகளோடு ஓர் உரைக் கோப்பும் இருக்கட்டும். யார், எங்கே, எப்போது, எதனை எடுத்தார் என்பது அதில் இருக்கட்டும். பால்கேயின் குறிப்புகள் அவருடைய படத்தை மீட்க உதவின. நம் குறிப்புகள் நம் ஊரின் கதையை மீட்க உதவும்.

தொடுத்த சரம்

ஜெயமங்கலத்து மாணவியின் படம் இப்போது ஆயத்தம். நாற்றங்காலில் தொடங்கி வீடு சேர்ந்த நெல் மூட்டைகளில் முடிகிறது. வெவ்வேறு நாளில், வெவ்வேறு கையில் பதிந்த 23 துண்டுகள் ஒரே அளவில், ஒரே ஓட்டத்தில் செல்கின்றன. ஒட்டிய இடம் தெரியவில்லை. நடுவே கருமை சூழ்ந்த சிறு கட்டத்துக்குள், பழைய கைப்பேசியின் மங்கிய ஒளியில், அப்பத்தா குனிந்து நாற்றை ஊன்றியபடி பாடுகிறார். இழுத்து அகலப்படுத்தாத முகம், தடிக்காத குரல். திரையின் முன் அமர்ந்து அதனைப் பார்க்கும் அப்பத்தாவுக்கு அது தம் குரல் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

துண்டுகளை ஒத்திசையச் செய்வது அறிவியல், வரிசைப்படுத்துவது கலை, மாற்றாமல் காப்பது அறம். இம்மூன்றும் சேர்ந்ததே இணைப்பு.

கலைச்சொல் அறிவோம்

சட்டகம் – ஃபிரேம்
திறவுச் சட்டகம் – கீஃபிரேம்
குறியாக்கம் – என்கோடிங்
கொள்கலன் – கன்டெய்னர்
பிரிதிறன் – ரெசல்யூஷன்
படத்தொகுப்பு – எடிட்டிங்

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் நடைபெறும் ஒரு தொழிலின் படிநிலைகளை ஐந்து காணொலித் துண்டுகளாகப் பதிவு செய்து, ஒரே கோப்பாக இணைத்து வகுப்பில் திரையிடுக. பதிவு செய்யும் முன் உரியவரின் இசைவைப் பெறுக.
2. ஒரே ஐந்து துண்டுகளை இருவேறு வரிசைகளில் இணைத்து, பொருள் எவ்வாறு மாறுகிறது என்பது குறித்துக் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக
1. மாற்றங்களை மட்டும் குறிக்காமல் படம் முழுமையாக எழுதப்படும் சட்டகம்
அ) தொடர் சட்டகம் ஆ) திறவுச் சட்டகம் இ) இடைச் சட்டகம் ஈ) வெற்றுச் சட்டகம்

குறுவினா
1. காணொலிக் கோப்புகளை முனையோடு முனை ஒட்டினால் முதல் துண்டு மட்டும் ஓடுவது ஏன்?
2. துண்டுகளுக்கு 01, 02, 03 எனப் பெயரிடுவதன் பயன் யாது?

சிறுவினா
1. நேரடி இணைப்பையும் மீள்குறியாக்கத்தையும் ஒப்பிடுக.
2. ‘இரண்டு துண்டுகளும் உண்மை, இணைந்த பின் கிடைத்தது பொய்’ – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா
1. காணொலித் துண்டுகளை இணைப்பதில் அறிவியலும் கலையும் அறமும் கலந்துள்ளன என்பதைப் பாடப்பகுதி வழி நின்று நிறுவுக.